கட்டைவிரல் பதிந்த பலகை

அனுப்புநர்:
வெர்னா ஃபிரீசன்,
பங்குதாரர், நீலப் பைன் பலகைப் பட்டறை,
பழைய மரஆலை வளாகம், டாக்கர் க்ரீக்,
பிரிட்டிஷ் கொலம்பியா.

பெறுநர்:
உயர்திரு ரஸ்ஸல் ஹோட்சன் அவர்கள்,
கட்டட ஆய்வாளர் மற்றும் குறைதீர் அலுவலர் (கூடுதல் பொறுப்பு),
டாக்கர் க்ரீக் வட்டாரம்.

பொருள்: கட்டட ஆய்வாளர் திரு. ரஸ்ஸல் ஹோட்சன் மீது புகார் – சுவர்ப் பலகைக்கு மறுசோதனை வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

தங்களைப் பற்றிய புகாரைத் தங்களிடமே தர நேர்ந்ததற்கு வருந்துகிறேன். யாரிடம் கொடுப்பது என்று தங்கள் அலுவலகத்தில் மனு வாங்கும் நோராவிடம் விசாரித்தேன். "பழைய குறைதீர் அலுவலர் ரிடையர் ஆகி மீன் பிடிக்கப் போயிட்டாரு வெர்னா. இப்ப அந்த நாற்காலியும் ரஸ்ஸலோடதுதான். அதுல உக்காந்திருக்கறப்ப கொஞ்சம் காது குடுத்துக் கேப்பாரு" என்றார். ஆகவே இம்மனுவை அந்த நாற்காலியில் அமர்ந்து படிக்குமாறு வேண்டுகிறேன்.

1. வண்டு விழுந்து மலை முழுக்கப் பைன் மரங்கள் சிவந்ததும், பிறகு நரைத்ததும், ஆலை மூடப்பட்டதும் தாங்கள் அறிந்தவை. அங்கே பத்தொன்பது ஆண்டுகள் ரம்பம் ஓட்டிய நானும், கிளிஃப் லூயியும், இன்னும் நால்வரும் சேர்ந்து, நின்றபடியே செத்த அந்த மரங்களைச் சீவி, சிமெண்ட்டில் கலந்து, சுவர்ப் பலகை வார்க்கிறோம். கண்காட்சிக்கு எடுத்துச் சென்றபோது சிலர் பலகையில் காதை வைத்து, உள்ளே வண்டு மெல்லுகிறதா என்று கேட்டுப் பார்த்தார்கள். அவர்களையும் பொறுத்துக்கொண்டோம்.

2. தீயில் போன கர்லிங் விளையாட்டு மண்டபச் சுவருக்கு நூற்று நாற்பது பலகைகள் கேட்டிருக்கிறார்கள். இதுதான் எங்கள் முதல் ஆர்டர். அக்டோபர் முடிவதற்குள் சான்றிதழ் வராவிட்டால் அவர்கள் வேறு இடத்தில் வாங்குவார்கள். நாங்கள் ஆறு பேரும் வேலை தேடி வடக்கே போக வேண்டியதுதான்.

3. ஆகஸ்ட் 19 அன்று மேற்படி ஆய்வாளர் வார்ப்பைப் பார்வையிட வந்தார். பச்சை மரத்தில் சர்க்கரை இருக்கும், சர்க்கரை சேர்ந்தால் சிமெண்ட் இறுகாது, செத்துப் பல வருடம் ஆன மரத்தில் அது போய்விடுகிறது, அதனால்தான் இந்த மரம் என்று விளக்கினேன். அன்னார் மூன்று முறை தலையாட்டினார். படிவம் எடுக்க நான் உள்ளே போனேன்.

4. அப்போது அன்னாரின் கையில் ஆறிப்போன காபி, முக்கால் குவளை இருந்தது. ஓடை பக்கத்தில் இருப்பதால் ஒரு சொட்டும் மண்ணில் ஊற்றக் கூடாது என்று ஜூன் மாதம் எங்களுக்கு நோட்டீஸ் கொடுத்தவர் அவர். சொன்ன சொல் தவறாத மனிதர். எனவே காபியைக் கலவை இயந்திரத்தில் ஊற்றினார். அன்னாரின் காபிக்கு ஆறு கரண்டி சர்க்கரை என்பது ஊரறிந்தது.

5. இதை நேரில் பார்த்த கிளிஃப் பத்து நாள் கழித்துத்தான் என்னிடம் சொன்னார். அவர் வாக்குமூலம் வருமாறு: "ஊத்தினாரு. நல்லா கலக்குன்னாரு. கலக்கினேன். அதுவும் சோதனையில சேர்த்தின்னு நெனச்சேன். ஆபீசர் ஊத்தறப்ப, வேணாம்னு நான் எப்படிச் சொல்றது?"

6. வார்த்த இரண்டாம் நாள், ஆகஸ்ட் 21 அன்று, மீண்டும் வந்த ஆய்வாளர், பலகையில் கட்டைவிரலை அழுத்தி, "பலகை இளகிய நிலையில் உள்ளது. விரல் உள்ளே போகிறது. தகுதியற்றது" என்று எழுதினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அன்று வண்டிக்குள் உட்கார்ந்து அழுதேன். மலை செத்தபோதுகூட நான் அழவில்லை.

7. சர்க்கரை பட்ட சிமெண்ட் பிடிவாதக்காரக் குழந்தை போன்றது. தாமதமாகத்தான் வரும், ஆனால் வந்துவிடும். மேற்படி பலகை இப்போது இறுகிவிட்டது. கிளிஃப் தன் லாரியை அதன்மேல் ஏற்றினார். லாரிதான் குலுங்கியது.

எனவே இம்மாதம் 20ஆம் தேதிக்குள், புதிதாக ஒரு பலகை வார்க்கச் செய்து மறுசோதனை நடத்தி உதவ வேண்டுகிறேன். ஆய்வாளரின் வசதிக்காக வாசலில் ஒரு வாளி வைத்திருக்கிறோம். காபிக்கு மட்டும்.

பழைய பலகையில் கட்டைவிரல் தடம் ரேகை பிசகாமல், குவளை வைத்த வட்டத்தோடு, தெளிவாகப் பதிந்திருக்கிறது. மறுசோதனையில் புதிய பலகை தேறினால், பழையதைப் பட்டறையின் பின்சுவரில், தடம் உட்பக்கம் இருக்குமாறு வைத்துப் பூசிவிடுவோம். அதுவரை மழை படாமல் இருக்க, தெருவைப் பார்த்த முன் ஜன்னலில் நிறுத்தியுள்ளோம். பார்க்க வருகிறவர்கள் யாருடைய விரல் என்று கேட்கிறார்கள். இன்றுவரை நாங்கள் சொல்லவில்லை.

நல்ல முடிவை எதிர்நோக்கும்,
(ஒப்பம்) வெர்னா ஃபிரீசன்

இடம்: டாக்கர் க்ரீக்
நாள்: அக்டோபர் 2

சாட்சி: கிளிஃப் லூயி (கலக்கியவர்)