ஆவணி பிறக்கட்டும் என்றவளுக்கு

இன்று காலை மாத்தூரில் ஒரு காலி வீட்டைப் பார்க்கப் போனேன். மாடிப் போர்ஷன். வீட்டுக்காரர் கதவைத் திறந்ததும் புதிதாக வெள்ளையடித்த வாசனை முகத்தில் அடித்தது. படம் எடுக்கப் போனைத் தூக்கினேன், எடுக்க முடியவில்லை. ஜன்னல் ஓரமாகப் போய்க் கொஞ்ச நேரம் நின்றேன். எந்த ஊரில் எந்தக் காலி வீட்டுக்குள் நுழைந்தாலும் இப்படித்தான், உன் குரல் முதலில் கேட்கும்.

"ஆடியாச்சே, எப்படியும் யாரும் வர மாட்டாங்க, அதான் இப்பவே அடிச்சி வெச்சிட்டேன். ஆவணி பொறந்தா ஆளு வந்துடுமாம்மா?" என்று வீட்டுக்காரர் கேட்டார்.

"வந்துரும் சார்" என்றேன். இதைச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. படி இறங்கி ஒரகடம் வந்து ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். இன்று பார்க்க வேண்டிய வீடுகள் இன்னும் இருக்கின்றன. எழுந்து போக மனம் வரவில்லை. உனக்கு எழுதலாம் போலிருக்கிறது.

நான் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சான்றிதழோடு வந்து, சுங்குவார்சத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு எலெக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைனில் நின்றவள். நீ குவாலிட்டியில் இருந்தாய். உன்னை அக்கா என்றும் நீங்க என்றும் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். "அக்கா சரி. வாங்க போங்கன்றத வுடு. மாமியாரைக் கூப்புடற மாதிரி கீது" என்றாய். அன்றிலிருந்து நீ எனக்கு 'நீ'தான்.

ஹாஸ்டலைவிட்டு வெளியேறி ரூம் தேடிய நாள் உனக்கும் நினைவிருக்கும். புரோக்கர் போனில் அனுப்பிய படத்தில் டைல்ஸ் போட்ட அறை, பெரிய ஜன்னல். பெட்டியோடு போய் இறங்கினால் அது வேறு வீடு. குழாயைத் திறந்தால் காற்று வந்தது. வீட்டுக்காரம்மா என்னை மேலும் கீழும் பார்த்து, "தனியா இருக்கற பொண்ணுங்களுக்கு வுடறதில்லையே, அவன் சொல்லலையா?" என்று கேட்டுவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள். தெருவில் பெட்டிமேல் உட்கார்ந்து உன்னைக் கூப்பிட்டேன். நீயும் அண்ணனும் வண்டியில் வந்தீர்கள். அண்ணன் என்றால் உன் கணவர், கம்பெனி பஸ் ஓட்டுகிறவர். என் பெட்டியை முன்னால் வைத்து, நம் இருவரையும் பின்னால் உட்காரவைத்து, அந்த ஒரே வண்டியில் உன் ஊருக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

சோறு போடும்போதே நீ ஆரம்பித்துவிட்டாய். "போன்ல ஒண்ணு காட்டறான், நேர்ல ஒண்ணு கீது. நீ கம்ப்யூட்டர் படிச்சவதானே? நெசமான வூட்டைக் காட்டற மாதிரி ஒண்ணு செய்யேன். எந்த ஊர்ல எந்த வூடு காலின்னு எனக்குத் தெரியும்."

நம் தொழில் அப்படித்தான் பிறந்தது. வார விடுமுறைகளில் நான் இணையதளத்தை எழுதினேன். நீ ஸ்கூட்டரில் முன்னால் உட்கார்ந்து ஊர் ஊராகக் கூட்டிக்கொண்டு போனாய். மாத்தூர், வல்லம், சுங்குவார்சத்திரம் என்று ஆரம்பித்து மறைமலை நகர் வரைக்கும் போனோம். நான் வாசலைப் படம் எடுக்கப் போனால் தடுப்பாய். "வாசலை யாரு கேட்டா? மொதல்ல கக்கூஸை எடு. அப்புறம் கொழாயைத் தொறந்து தண்ணி வர்றதை எடு." நம் தளத்தில் இன்றும் எல்லா வீடுகளுக்கும் முதல் படம் அதுதான். சில வீட்டுக்காரர்கள் வளைத்து வளைத்து, "குடி வரப்போறது இன்னா ஆளுங்க?" என்று கேட்பார்கள். "ஷிஃப்டுக்குப் போற ஆளுங்க" என்பாய். மறுபடி கேட்டால் அந்த வீட்டையே எடுக்காமல் வண்டியைக் கிளப்புவாய்.

நான் ஏதேதோ பெயர் யோசித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் நீ சொல்கிற மாதிரியே 'வூடு' என்று வைத்தேன். உனக்கு வெட்கமாகப் போய்விட்டது. "கேலி பண்றியா?" என்றாய். இல்லை என்று நம்பவைக்க இரண்டு நாள் ஆனது.

தண்டலத்துப் பக்கம் ஒரு கல்லூரியில் புதுத் தொழில் தொடங்குகிறவர்களுக்கு ஆலோசனை சொல்ல ஒருவர் இருந்தார். போய்ப் பார்த்தோம். நல்ல மனிதர். குளிர்ந்த அறையில் உட்காரவைத்துப் பொறுமையாகப் பேசினார். "முதலில் விளம்பரம் செய்யுங்கள். ஆட்கள் வரட்டும். ஆட்கள் வந்தால் வீடுகள் தானாக வரும். தாமதித்தால் இன்னொருவன் முந்திக்கொள்வான்" என்றார். நான் தலையாட்டினேன். நீ நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாய்.

"சார், ஒரு பொண்ணு வேலை முடிஞ்சு பஸ்ல போய்கினே போன்ல நம்மளைத் தேடறா. ஒரு வூடும் இல்லன்னா மூடிடுவா. அப்புறம் நாம எவ்ளோ வூடு சேத்தாலும் அவ திரும்ப வந்து பாக்க மாட்டா. அவ ஒரு தபாதான் பாப்பா."

அவர் சிரித்தார். எனக்கு அப்போது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது நீ கணக்காகச் சொன்னாய். வைகாசியில் திறக்கலாம். படிப்பை முடித்த பிள்ளைகள் புதிதாக வேலைக்குச் சேரும் நேரம் அது. கல்யாணமானவர்கள் தனிக்குடித்தனம் போகும் நேரம். பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் குடும்பங்கள் வீடு மாற்றும். அதற்குள் ஒவ்வொரு ஊரிலும் தேர்ந்தெடுக்கிற அளவுக்கு வீடு இருக்க வேண்டும். நோட்டீஸை வீடுகளில் போடக்கூடாது, கம்பெனி பஸ் வந்து நிற்கிற இடங்களில், ஷிஃப்ட் மாறும்போது கையில் கொடுக்க வேண்டும். நான் வேலையை விட்டேன். நீ லீவு போட்டுவிட்டு வந்தாய். நோட்டீஸ் அச்சுக்குக் கொடுக்கும் வரை வந்துவிட்டோம்.

சித்திரையில் உனக்கு வயிற்றுவலி கூடியது. வெகுநாளாக இருந்ததைச் சொல்லாமல் மாத்திரை போட்டுச் சமாளித்திருக்கிறாய். ஸ்கேன் எடுத்தார்கள். கணையத்தில் கட்டி. பரவிவிட்டது என்றார்கள். வைகாசி முழுவதும் சென்னை ஆஸ்பத்திரியின் நடைபாதையில் போனது. ஆனியும் போனது. பிறகு வீட்டுக்கே கூட்டிக்கொண்டு போகச் சொல்லிவிட்டார்கள்.

நம் தளம் திறக்காமலே கிடந்தது. ஆடி பிறந்த வாரம் ஒரகடம் மேம்பாலத்துப் பக்கம் ஒரு பெரிய கம்பெனி விளம்பரப் பலகை வைத்தது. 'வாடகை வீடா? ஒரே தொடுதல்' என்று எழுதி, சிரித்துக்கொண்டு நிற்கும் ஒரு குடும்பம். அதைப் பார்த்துவிட்டு நேராக உன் வீட்டுக்கு வந்தேன். நீ முன்னறையில் கட்டிலில் சாய்ந்திருந்தாய். கை மெலிந்து வளையல் முழங்கை வரை ஏறியிருந்தது.

"வர்ற வெள்ளிக்கிழமை தொறந்துருவோம்க்கா" என்றேன்.

"இன்னாத்துக்கு?"

"பெரிய கம்பெனி வந்துட்டான்லா. போர்டு வச்சிட்டான்."

"ஆடில போர்டு வெச்சா யாரு வூடு மாறப் போறா? வெக்கட்டும்."

நான் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். நீ என்னையே பார்த்துக்கொண்டிருந்தாய்.

"போர்டுக்காக இல்லையே. மனசுல இன்னா வெச்சிகினு வந்துகீற, சொல்லு."

"நீ பாக்கணும்லாக்கா" என்றேன்.

கோபித்துக்கொள்வாய் என்று நினைத்தேன். நீ கோபிக்கவில்லை. கொஞ்சம் தண்ணீர் கேட்டுக் குடித்தாய். "நான் பாக்கறதுக்காடி வூடு தேடறாங்க? எனக்கு ஆடியும் கெடையாது, ஆவணியும் கெடையாது. ஞாயித்துக்கெழமை மாதா கோயிலு, அவ்ளோதான். ஆனா வூடு மாத்தறவங்களுக்கு கீது. இப்பத் தொறந்தா நாலு பேரு பாத்துட்டு, ஒண்ணும் நடக்கலன்னு போய்டுவாங்க. என்னை வெச்சித் தேதி குறிக்காத."

அண்ணன் கஞ்சிக் கிண்ணத்தோடு வாசற்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நான் கிளம்பும்போது பின்னாலேயே வந்தார். "தொறந்துடும்மா. அவ திட்டினா திட்டட்டும். ஒரு தபா பாத்துட்டுப் போவட்டும்" என்றார். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. திறப்பது ஒன்றும் பெரிய வேலையில்லை. ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். அந்த வாரம் எத்தனையோ தடவை மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பொத்தானைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அழுத்தவில்லை.

அடுத்த ஞாயிறு நீயே வழி சொன்னாய். "ஊருக்குத் தொறக்க வேணாம். எனக்கு மட்டும் தொற."

உன் போனில் மட்டும் தெரிகிற மாதிரி செய்து கொடுத்தேன். தலையணையை முதுகுக்கு வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாய். மாத்தூர், தனி அறை, பெண்கள் என்று ஒவ்வொன்றாக நீயே அழுத்தினாய். வந்த வீடுகளில் ஒன்றைத் திறந்து, குழாய்ப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாய். பிறகு நான் எதிர்பார்க்கவே இல்லை, அதிலிருந்த எண்ணை அழுத்தி ஸ்பீக்கரில் போட்டாய். எடுத்தவர் அந்த வீட்டுக்காரம்மா. நாம் நேரில் போய்ப் பேசியவர்தான்.

"அக்கா, நான் தர்மபுரிங்க. இங்க கம்பெனில வேலை கெடச்சிருக்குது. உங்க ரூம்பு காலியா இருக்குதுங்களா?"

மூச்சு வாங்கியது உனக்கு. ஆனாலும் தர்மபுரிக்காரி மாதிரியே இழுத்து இழுத்துப் பேசினாய். தண்ணீர் எந்நேரம் வரும், இரவு ஷிஃப்ட் முடிந்து வந்தால் கேட் திறப்பீர்களா, தங்கச்சி வந்து தங்கினால் ஏதாவது சொல்வீர்களா என்று எல்லாம் கேட்டாய். வாடகையைக் குறைக்கச் சொல்லி வாதாடினாய். அந்தம்மா கடைசியில் இறங்கி வந்தார்.

"சரி, கொறைச்சிக் குடு. ஆனா இப்ப வேணாம்மா. ஆடில குடி வெக்க மாட்டோம். ஆவணி பொறக்கட்டும், வந்து பால் காச்சு."

"சரிங்கக்கா, வந்தர்றேன்" என்று சொல்லி வைத்தாய். என் பக்கம் திரும்பி, "கேட்டியா?" என்றாய். அண்ணன் சுவரில் சாய்ந்தபடி சிரித்தார். நானும் சிரித்தேன். நாம் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

ஆடி முடிவதற்குள் நீ போய்விட்டாய். கோயில் கல்லறைத் தோட்டத்தில் மண் போட்டுவிட்டு வந்த மறுநாளும் உலகம் அப்படியே இருந்தது. கம்பெனி பஸ்கள் வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன. ஒன்றை அண்ணன் ஓட்டிக்கொண்டு போனார். லீவு எடுக்கச் சொன்னார்களாம். வீட்டில் இருக்க முடியவில்லை என்றார்.

ஆவணி முதல் முகூர்த்த நாளில் திறந்தேன். சுங்குவார்சத்திரத்தில் ஷிஃப்ட் மாறும் நேரத்தில் நானும் அண்ணனும் எதிரெதிர்ப் பக்கம் நின்று நோட்டீஸ் கொடுத்தோம். ஒரு பிள்ளை வாங்கிப் பார்த்து, "வூடா? எங்க ஊர்ல வீடுன்னுதான் சொல்லுவோம்" என்று தோழியிடம் சொல்லிச் சிரித்தது. சிரித்துக்கொண்டே போனில் திறந்தும் பார்த்தது. மதியத்துக்குள் அழைப்புகள் வர ஆரம்பித்தன. அந்த வாரம் சோறு தின்ன நேரமில்லை. பார்த்தவர்களுக்கெல்லாம் காட்ட வீடு இருந்தது. நீ கணித்தது சரி. பெரிய கம்பெனியின் பலகை இரண்டு மாத வெயிலில் வெளுத்து, பிறகு வேறு ஏதோ விளம்பரம் அங்கே வந்துவிட்டது.

இதைச் சொன்னால் சந்தோஷப்படுவாய் என்று தெரியும். எனக்கு அன்று சந்தோஷம் வரவில்லை. தொழிலுக்கு நீ சொன்ன நேரம் பொருத்தமானது. ஆனால் போன்கள் அடித்துக்கொண்டே இருந்த அந்த ஒரு மதியத்தை உன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நீ கேட்டிருக்க வேண்டும். இரண்டில் ஒன்றைத்தான் எடுக்க முடிந்தது. உன் பேச்சைக் கேட்டதில் வருத்தமில்லை என்று சொல்லிப் பார்க்கிறேன். சொல்ல வருகிறது. முழுதாக நம்ப வரவில்லை.

இப்போது 'வூடு' ஓடிக்கொண்டிருக்கிறது. பெரிதாக வளரவில்லை, படுத்துவிடவும் இல்லை. இரண்டு பெண்கள் வேலைக்கு இருக்கிறார்கள். வீட்டுக்காரர்கள் இன்னும் பொய் சொல்கிறார்கள். குடிவந்தவர்கள் சொல்லாமல் காலி செய்கிறார்கள். தண்டலத்து ஆலோசகர் போன் செய்து, சென்னை முழுவதற்கும் கொண்டு போங்களேன் என்கிறார். பார்க்கலாம் சார் என்கிறேன். ஊர் ஊராக அலைந்து முதுகு விட்டுப்போயிற்று. உன்னோடு போனபோது இதே தூரம் களைப்பாக இருந்ததில்லை. விட்டுவிடலாமா என்று ஒவ்வொரு ஆடியிலும் நினைக்கிறேன். ஆவணியில் யாராவது ஒரு பிள்ளை பெட்டியோடு வந்து நிற்கிறாள்.

அந்த ஆவணியில் முதல் வீடு வாடகைக்கு முடிந்த அன்று, வழக்கத்தில் என் கை உன் எண்ணை அழுத்திவிட்டது. மணி அடித்தபிறகுதான் உறைத்தது. வைப்பதற்குள் அண்ணன் எடுத்துவிட்டார். உன் போனை அவர் அணைக்கவே இல்லை. "சொல்லும்மா" என்றார். "மாத்தூர் வீடு முடிஞ்சிருச்சுண்ணே, தர்மபுரிப் பிள்ளை" என்றேன். பிறகு, "தண்ணி வருதா, கேட்டியா?" என்றார். உன் கேள்வியை அவர் கேட்டார்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வீடு முடியும்போதும் உன் எண்ணுக்குத்தான் கூப்பிடுகிறேன். எந்த ஊர், யார் வருகிறார்கள் என்று சொல்வேன். அவர் கேட்டுக்கொள்வார். கேட்டதை உன்னிடம் போய்ச் சொல்கிறாரா என்று நான் கேட்டதில்லை.

சற்று முன்பும் கூப்பிட்டேன். சொல்வதற்கு ஒன்றுமில்லை. இந்த மாதம் ஒரு வீடும் முடியவில்லை என்றேன். பின்னால் பஸ் எஞ்சின் சத்தம் கேட்டது. எங்கேயோ நிறுத்திவிட்டு உட்கார்ந்திருந்தார் போல.

"ஆடிதானேம்மா. அவ இன்னா சொன்னா? சாப்ட்டியா நீ?"

இன்னும் இல்லை என்றேன். போய்ச் சாப்பிடச் சொன்னார்.