பிரஷர் என்றால் கோபம் இல்லை

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. முழங்கால் இரண்டைத் தவிர நான் நலம். நீயும் மாப்பிள்ளையும் வயிற்றில் இருக்கும் குட்டியும் நலமா, இந்தத் தடவை ஒப்புக்குக் கேட்கவில்லை.

கடை ஓடுகிறது. டயருக்குக் காற்றடிக்க வருகிறவர்களைப் பேசியே பிடித்து வைக்கிறேன் என்று எதிர்க்கடைத் தையல்காரர் கிண்டல் செய்கிறார். வீட்டுக்குள் பேச ஆள் இல்லாதவன் வேறு எங்கே பேசுவான், சொல். அப்படித்தான் போன வாரம் ஸ்கூட்டருக்குக் காற்றடிக்க வந்த பிரசவ வார்டு நர்ஸம்மாவிடம் உன் பெருமையை அளந்தேன். பொண்ணுக்கு ஏழாம் மாசம், பிரஷர்னு மாத்திரை குடுத்திருக்காங்க, அது என்கிட்டயிருந்து அவளுக்கு வந்த கோபம்மா, யாரையாவது நாலு கத்து கத்தினா இறங்கிடும், மாத்திரை எதுக்குன்னு அவகிட்ட சொல்லிட்டேன் என்று சிரித்தேன். நம் வீட்டில் பிரஷர் என்றால் என் கோபம்தானே. அப்பாவுக்கு பிரஷர் ஏறுது, டிவி சத்தத்தைக் குறைடி என்று உன் அம்மா சொல்லிச் சொல்லி அதுவே அர்த்தமாகிவிட்டது. மிஞ்சினால் டயரில் இருக்கிற பிரஷர் எனக்குத் தெரியும்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. என்ன பெரியவரே, விளையாட்டா, இது ரத்தத்துல ஏறுற அழுத்தம், தாய்க்கு வலிப்பு வரைக்கும் போகலாம், பிள்ளைக்குப் போற ரத்தம் குறையலாம் என்றார். பிறந்ததோட முடியுற விஷயமும் இல்ல, அந்தப் பிள்ளைங்க வளர்ந்து ஆளான பிறகு பிரஷரும் இதய நோயும் வர வாய்ப்பு கொஞ்சம் அதிகம், எல்லாருக்கும் வராது, அதுக்காக அசட்டையா இருக்கலாமா என்றார். இன்னும் பிறக்காத பிள்ளையின் நாற்பது வயது நெஞ்சுக்காக நான் திட்டு வாங்கியது இதுதான் முதல் தடவை. பிறகு, அவங்க அம்மாவுக்கும் மாசமா இருந்தப்போ இருந்ததா என்று கேட்டார். இருங்க, கேட்டுச் சொல்றேன் என்று வீட்டுப் பக்கம் திரும்பி உன் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்துவிட்டேன். அவள் போய் இரண்டு வருடம் ஆகிறது. நர்ஸம்மா சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். உன்னைச் சுமந்தபோது கால் வீங்கி என் செருப்பை மாட்டிக்கொண்டு திரிந்தாள், அது ஒன்றுதான் எனக்குத் தெரியும். இனிமேல் கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை. அந்தச் செருப்பு விஷயத்தையும் டாக்டரிடம் சொல், சிரித்தால் சிரிக்கட்டும்.

அன்றே உனக்கு போன் செய்து, மாத்திரையை விடாமல் சாப்பிடு என்றேன். நீங்க சொன்ன அன்னைக்கே மாத்திரையை நிறுத்திட்டேன்பா, நேத்து ஒண்ணு இன்னைக்கு ஒண்ணுன்னு சொன்னா எதை நம்பறது என்று சிரித்தாய். டாக்டரை அப்புறம் பார்க்கலாம்பா என்றாய். போனில் நான் எதைச் சொன்னாலும் உனக்கு ஜோக்காகத்தான் கேட்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். மாப்பிள்ளையையும் படிக்கச் சொல். இது கையில் கிடைத்த அன்றே டாக்டரிடம் போ, மாத்திரையை நிறுத்தியதை மறைக்காமல் சொல், அவர் சொல்கிறபடி செய். தலைவலி விடாமல் இருந்தாலோ, கண் மங்கினாலோ, முகம் வீங்கினாலோ இந்தக் கடிதத்தைப் படித்து முடிக்கக்கூட வேண்டாம், கிளம்பிவிடு.

உனக்கும் குட்டிக்கும் என் ஆசீர்வாதம். டாக்டரைப் பார்த்ததும் மறக்காமல் கூப்பிடு. பார்த்துட்டேன்பா என்று ஒரு வார்த்தை போதும். அதற்கப்புறம் பேச ஒன்றும் இல்லாவிட்டாலும், கொஞ்ச நேரம் போனை வைக்காதே.

இப்படிக்கு,
உன் வாயாடி அப்பா