சடசடவென்று பெய்த மழை

பிரிக்ஃபீல்ட்ஸ்
4.3.1935

அன்புள்ள அத்தானுக்கு இராஜம்மா எழுதுவது.

நான் சுகம். என்மேல் உள்ள கோபத்தைச் சாப்பாட்டில் காட்டாமல் இருக்கிறீர்களா?

அடுத்த வியாழக்கிழமை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் துரை என் வகுப்பைப் பார்க்க வருகிறார். அவருக்குப் பிடித்துவிட்டால் வேலை நிரந்தரம். ஆங்கிலக் கவிதையில் உவமையும் ஓசைச் சொற்களும்தான் பாடம். விளக்கத்தைப் பெண்கள் தூக்கத்தில்கூட ஒப்பிப்பார்கள். சொந்தமாக ஒன்று சொல்லச் சொன்னால் ஒருத்தியும் வாய் திறப்பதில்லை. தப்பித் தவறித் தமிழ் பேசினால் வராந்தாவில் நிற்க வேண்டும் என்பது தலைமையாசிரியை துரைசானியின் சட்டம். அந்தப் பயம் வேறு.

உங்கள்
இராஜம்மா

கிள்ளான்
7.3.1935

என் இராஜத்துக்கு,

உன் வேலை நிரந்தரமானால் எனக்குக் கன்னையா கடைச் சோறும் நிரந்தரம். ஒரு வருஷம் என்று சொல்லித்தானே போனாய்?

துறைமுகத்தில் மூட்டைக்குக் கணக்கெழுதும் கிராணி நான். கவிதைக்கும் எனக்கும் வெகுதூரம். ஆனால் உன் பிள்ளைகளா வாய் திறக்காதவர்கள்? போன மாதம் பள்ளி வாசலில் காத்து நின்றேனே, சளசளவென்று அவர்கள் போட்ட இரைச்சலில் ரிக்‌ஷா மணிகூடக் கேட்கவில்லை. நல்லபடி நடக்கட்டும். நடக்காவிட்டால் வீடு இருக்கிறது, வந்துவிடு.

சபாபதி

பிரிக்ஃபீல்ட்ஸ்
15.3.1935

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்தில் இருந்த அந்தச் 'சளசள' செய்த வேலையைக் கேளுங்கள்.

இன்ஸ்பெக்டர் உட்கார்ந்திருக்கிறார். நான் கேட்கிறேன், பெண்கள் தலையைக் குனிந்துகொள்கிறார்கள். அப்போது பார்த்து மழை பிடித்துக்கொண்டது. உங்கள் 'சளசள' ஞாபகம் வந்தது. "கூரையில மழை பெய்யுதே, இத வீட்டுல எப்படிச் சொல்வீங்க?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டேன். "சடசடன்னு பெய்யுது டீச்சர்" என்றாள் வீரம்மா. பிறகு யார் நிறுத்துவது? ஒருத்தி 'பொடபொட' என்றாள், ஒருத்தி 'சோ' என்றாள். சீனப் பெண் ஆ லான் தன் மொழியில் ஒன்று சொன்னாள். "இப்போது இங்கிலீஷில்" என்றேன். "தி ரெயின் ராட்டில்ஸ் ஆன் தி ரூஃப்" என்றாள் வீரம்மா. நம் செய்யுளில் மோனை வருவதுபோல மூன்று 'ர'! நான் சொல்லிக் கொடுக்கவில்லை அத்தான், அவளாகச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் மேசையைத் தட்டிச் சிரித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவர் போனதும் துரைசானி கூப்பிட்டார். வகுப்பில் தமிழ் பேசியது தவறு, இனிப் பேசமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் வேலை நிரந்தரமாம். இல்லாவிட்டால் மாதக் கடைசியோடு சரி. எழுதட்டுமா?

இராஜம்மா

கிள்ளான்
18.3.1935

என் இராஜத்துக்கு,

நீ எழுதாவிட்டால் வீட்டுக்கு வந்துவிடுவாய். நான் கேட்டுக்கொண்டிருந்ததும் அதுதான். அதனால் என் யோசனையை நம்பாதே.

ஆனால் உன் கடிதத்தை ஆபீசில் உரக்கப் படித்தேன். "உன் பொண்டாட்டி கெட்டிக்காரிலா!" என்றார்கள். இன்னொரு முறை படித்துக் காட்டினேன். செய்த நல்ல காரியத்தைத் தவறு என்று நீ கையெழுத்துப் போடுவதை என்னால் பார்க்க முடியாது. வேலை வேண்டுமென்று நீ எழுதினாலும் உன்னைக் குறைவாக நினைக்கமாட்டேன். கன்னையா கடைச் சோறு அவ்வளவு மோசமில்லை.

சபாபதி

பிரிக்ஃபீல்ட்ஸ்
29.3.1935

அன்புள்ள அத்தானுக்கு,

எழுதிக் கொடுக்கவில்லை. இன்றோடு வேலை முடிந்தது.

கடைசியாகப் பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்று போனேன். வகுப்பில் துரைசானி மட்டும் நின்றிருந்தார். பெஞ்சுகள் காலி. முப்பது பெண்களும் வராந்தாவில் வெயிலில் வரிசையாக நின்றார்கள். "என்னடி இது?" என்றேன். "தமிழ் பேசினோம் டீச்சர்" என்றாள் வீரம்மா. வரிசைக் கடைசியில் நின்ற ஆ லானும் என்னைப் பார்த்து, "நானும் தமிழ் பேசுனேன் டீச்சர்" என்றாள், தமிழிலேயே.

அங்கேயே அழுதுவிட்டேன். நாளைச் சாயங்கால ரயிலில் வருகிறேன். ஸ்டேஷனுக்கு வாருங்கள்.

உங்கள்
இராஜம்மா