ஓர் அங்குலம் ஏற்றிய சீட்

அன்பு மகளுக்கு,

அப்பாவின் வலது முழங்காலைக் கழித்துவிட்டால் இங்கே எல்லாரும் நலம். உன் இருமல் நின்றுவிட்டது என்று நீ சொன்னதைப் பாதிதான் நம்பினேன், அதனால் மீதி நலத்தை எழுதித் தெரிவி. சித்திக்குக் கண்ணில் கட்டு பிரித்தாகிவிட்டது, இப்போது ஊரிலுள்ள எல்லார் வீட்டுத் தூசியும் அவள் கண்ணுக்குத் தெரிகிறது.

போன வாரம் நீ போனில் கேட்டாய், மோட்டார் சைக்கிளை வைத்து உங்களுக்குள் என்ன சண்டை என்று. அப்பா செடிக்குத் தண்ணீர் விடணும் என்று போனை வைத்துவிட்டார். சண்டை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, சத்தமே இல்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். எங்கள் பரிசோதனைக் கூடத்தை ஊருக்கு வெளியே மாற்றியது உனக்குத் தெரியும், அந்தப் பக்கம் பஸ் கிடையாது. அப்பாவின் அறுவை சிகிச்சைக்குப் பிறகு பதினான்கு மாதமாக வண்டி கொட்டகையில் நின்றுகொண்டிருந்தது. ஸ்கூட்டர் வாங்கிக்கோம்மா என்றாய் நீ, நிற்கிற வண்டி இருக்கும்போது இன்னொன்று எதற்கு என்று நான் இதையே ஓட்டப் பழகினேன். ஓட்டுவதில் பிரச்சினை இல்லை, நிற்பதில்தான். கால் நுனிவிரல்தான் தரையைத் தொடும். ஒருநாள் சிக்னலில் நின்றபடியே சாய்ந்து விழுந்தேன், பக்கத்தில் நின்ற லாரிக்காரர் இறங்கி வந்து தூக்கிவிட்டு, ஓடுற வண்டி விழுந்து பாத்திருக்கேன், நிக்கிற வண்டி விழுந்து இப்பதான் பாக்கிறேன் என்றார். எப்படியும் சீட்டின் ரெக்சின் கிழிந்து, மழை பெய்தால் உள்ளே ஸ்பாஞ்ச் தண்ணீர் குடித்து, இரண்டு நாளைக்கு உட்கார்ந்தவர்களின் துணியை நனைத்துக்கொண்டிருந்தது. புதிதாகத் தைக்கும்போதே இரண்டு அங்குலம் குறைத்துவிடலாம் என்று முடிவு செய்தேன்.

சீட் தைப்பவர் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார், அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. ஓட்டுகிற ஆளே தினமும் போடுகிற செருப்போடு வந்து வண்டியில் உட்கார வேண்டும், அதைப் பார்த்துத்தான் ஸ்பாஞ்சில் சாக்பீஸால் கோடு போடுவார். மறுநாள் எனக்கு வேலை, நானே மெக்கானிக்கோட போய் விட்டுட்டு வரேன் என்றார் அப்பா. மூன்று நாளில் சீட் வந்தது. தையல் நூல் பிடித்த மாதிரி நேராக, கறுப்பு ரெக்சின், ஓரத்தில் சாம்பல் நிறப் பட்டை, குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஏறி உட்கார்ந்தேன். நுனிவிரலும் தரையைத் தொடவில்லை, இரண்டு காலும் அந்தரத்தில் தொங்கின. அப்பா கொட்டகைக் கதவின் கீலைப் பார்த்துக்கொண்டு, தையல் நல்லா இருக்குல்ல என்றார். கடைக்குப் போன் செய்து கேட்டேன். சார்தானே உக்காந்தாரு அக்கா, காலை ரொம்ப மடக்க முடியலைன்னாரு, ஒரு அங்குலம் ஏத்திட்டேன் என்றார் கடைக்காரர்.

நான்கு நாள் ஆட்டோவில் வேலைக்குப் போய் வந்தேன். கோபமாகத்தான் இருந்தது. ஆனால் ஆட்டோவில் போகிறவளுக்கு யோசிக்க நேரம் கிடைத்துவிடுகிறது. உனக்கும் சொல்லாத ஒன்றை இப்போது சொல்கிறேன். இனி இவர் கிக்கரை உதைக்கவோ கனமான வண்டியைத் தாங்கவோ கூடாது, எப்போதுமே கூடாது என்று டாக்டர் என்னை வராந்தாவுக்குக் கூப்பிட்டுப் போன வருடமே சொல்லிவிட்டார். அடுத்த மாசம் எடுத்துடலாம், அடுத்த மாசம் எடுத்துடலாம் என்று அப்பா சொல்லும்போதெல்லாம் நான் தலையாட்டிக்கொண்டிருந்தேன். சீட்டைக் குறைத்துவிட்டால் அதுவே அவருக்குச் சொல்லிவிடும் என்று கணக்குப் போட்டேன் போலிருக்கிறது. நான் வாயைத் திறந்து சொல்லவேண்டியதைக் கடைக்காரரின் கத்தியிடம் விட்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை காலை அவர் ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது டாக்டர் சொன்னதைச் சொன்னேன். அவர் பிரஷ்ஷை நிறுத்தவில்லை. தெரியும், எக்ஸ்ரேவைப் பாத்துட்டு உன்னை மட்டும் வெளியே கூப்பிட்டது மழை வருமான்னு கேக்கவா என்றார். தெரிந்துகொண்டா சீட்டை ஏற்றினீர்கள் என்றேன். கொஞ்ச நேரம் மற்ற ஷூவைத் தேய்த்தார். பிறகு, இந்த வண்டியைப் பழசாத்தான் வாங்கினேன், யாரோ உக்காந்து குழி விழுந்த இடத்துலதான் இருபது வருஷம் உக்காந்தேன், ஒரு தடவை எனக்குன்னு அளவெடுத்துப் பாக்கலாம்னு தோணிச்சு, அவ்வளவுதான் என்றார். இத்தனை வருடம் அவர் பின்னால் உட்கார்ந்து போயிருக்கிறேன், முன்னால் இருப்பது இன்னொருவருடைய குழி என்று நினைத்துப் பார்த்ததில்லை.

மறுநாள் அவரே கிளம்பு என்றார். கடையில், போன வாரம்தானே ஏத்தினேன் சார், இது என்ன லிஃப்டா என்று கடைக்காரர் சிரித்தார். அளவைத் தப்பா குடுத்துட்டேன் தம்பி, ஓட்டுறவங்க இவங்கதான் என்று அப்பா சொன்னார். சாதாரணமாகத்தான் சொன்னார், நான்தான் சுவரில் தொங்கிய ரெக்சின் சுருள்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நான் ஏறி உட்கார, அவர் ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, கடைக்காரர் கோடு போட்டார். கத்தி முன்பக்கத்தை முடித்துப் பின்பக்கம் வந்தபோது அப்பா கையை நீட்டித் தடுத்தார். அங்க கை வைக்காதீங்க, அது என் இடம் என்றார்.

ஆகவே இப்போது சீட் முன்னால் பள்ளம், பின்னால் மேடு. சிக்னலில் என் இரண்டு பாதமும் தரையில் இருக்கின்றன. ஞாயிற்றுக்கிழமை அப்பா பின்னால் ஏறி உட்கார்ந்தார், என் தலைக்கு மேல் அவருக்குச் சாலை முழுவதும் தெரிகிறது, என் கண்ணில் படுமுன் அவருக்குத்தான் ஒவ்வொரு பள்ளமும் தெரிகிறது. பிரேக், பிரேக் என்று காதுக்கு மேல் ஒரு குரல்.

நேரத்துக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு வெளியே போகாதே. எடுத்த காரியம் கைகூடி நன்றாக இரு. அடுத்த முறை போன் செய்யும்போது முழங்காலைப் பற்றிக் கேட்காதே, சீட்டைப் பற்றிக் கேள். மற்றதை அவரே சொல்வார்.

இப்படிக்கு,
கால் தரையில் ஊன்றிய
உன் அம்மா