ஒரு படத்துக்குள் மூன்று கறுப்பு வெள்ளை

கோடை விடுமுறைக்கு நீதிமன்றம் மூடியிருக்கிறது. முடிந்துபோன வழக்குகளின் கட்டுகளை அலமாரியிலிருந்து இறக்கி, வைக்க வேண்டியவை, கிழிக்க வேண்டியவை என்று பிரித்துக்கொண்டிருந்தேன். இன்று காலை அவற்றில் ஒன்றை அவிழ்த்தபோது உன் ஸ்டுடியோவின் பழுப்புக் கவர் வழுக்கிக் கீழே விழுந்தது. உள்ளே அந்தப் பெண்ணின் வண்ணப்படம். இடது கன்னத்தில் நான்கு விரல்களின் தடம் சிவந்து கிடக்கிறது. முழங்கைக்குக் கீழே, பெல்ட்டின் அகலத்தில் இன்னொரு சிவப்பு. ஆறு ஆண்டுகளில் நிறம் கொஞ்சமும் மங்கவில்லை.

படத்தைக் கவிழ்த்து வைத்தேன். பிறகு நிமிர்த்தினேன். எழுந்து வாசல்வரை போய்த் திரும்பினேன். மின்விசிறியை நிறுத்தினேன், மறுபடி போட்டேன். கடைசியில் கட்டை மூடாமலே உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன். நீ போய் ஐந்து மாதம் ஆகிறது. நீ இருந்தபோது உன்னிடம் சொல்லியிருக்க வேண்டிய ஒன்றை நான் சொல்லவில்லை. அதை எதுவும் விட்டுப்போகாமல், நடந்த வரிசையில் சொல்ல விரும்புகிறேன்.

கீழவாசலில், மாடியில் இருந்த உன் ஸ்டுடியோவுக்கு முதல் கணினி வந்த நாள்கள் நினைவுக்கு வருகின்றன. பிலிம் கழுவிய இருட்டறைக்கு ஜன்னல் வைத்து அதைக் கணினி அறையாக்கினாய். மருந்துத் தொட்டிகளை எடுத்த பிறகும் அந்தப் புளித்த வாடை சுவரை விட்டுப் போகவில்லை. நீதிமன்றம் கலைந்ததும் மாலையில் நான் அங்கே வந்து உட்காருவது வழக்கம். நீ தொலைபேசியில் உன் மனைவியிடம் சௌராஷ்டிர மொழியில் பேசுவாய். வைத்துவிட்டு அதே மூச்சில் என்னிடம் மதுரைத் தமிழுக்கு மாறுவாய். பள்ளியில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர்கள் நாம். ஆனாலும் நான் கறுப்புக் கோட்டு மாட்டிய நாளிலிருந்து நீ என் பெயரைச் சொன்னதில்லை. ‘வக்கீலே’ என்றுதான் கூப்பிடுவாய். அதில் மரியாதை கொஞ்சம், கேலி அதிகம்.

டிஜிட்டல் கேமராவில் எடுத்த வண்ணப்படத்தைக் கறுப்பு வெள்ளையாக மாற்றித் தரச் சொல்லி ஆட்கள் வரத் தொடங்கிய காலம் அது. ஒரு நாள் எழுமலையிலிருந்து ஒருவர், இறந்துபோன தன் தகப்பனாரின் படத்தோடு வந்திருந்தார்.

“கலரு நல்லாத்தானே இருக்கு, எதுக்குண்ணே மாத்தணும்?” என்று கேட்டாய்.

“கலர்ல மாட்டுனா உசிரோட உக்காந்திருக்க மாதிரியே இருக்கு தம்பி. எங்க அம்மா அந்தப் படத்தப் பாத்து, சோறு போடவான்னு கேக்குது. கறுப்பு வெள்ளையாக்கிக் குடுங்க. ஆளு போயிட்டாருன்னு அதுக்குத் தெரியட்டும்.”

அவர் டீ குடிக்க இறங்கிப் போனதும், இதற்கு ஒரு பொத்தானைத் தட்டினால் போதாதா என்று உன்னிடம் கேட்டேன். நீ சிரித்தாய். இறந்த அந்தப் பெரியவரின் படத்தையே மூன்றாகப் பிரித்துத் திரையில் அடுத்தடுத்து வைத்தாய்.

“கலர் படம்னா செவப்பு, பச்ச, நீலம்னு மூணு தட்டு வக்கீலே. ஒவ்வொரு தட்டும் தனியா ஒரு கறுப்பு வெள்ளப் படம். செவப்புத் தட்டுல பாத்தா ஆளு அழகு. பச்சையில பாத்தா ஆளு உள்ளபடி. நீலத்துல பாத்தா, பெத்த தாய்க்கே புடிக்காது.”

“இதுல எது நெசமான படம்?”

“மூணுந்தான். நான் எதை எடுக்கிறேங்கிறதுல இருக்கு.”

உண்மையில் அப்படித்தான் இருந்தது. முகத்தில் எதெல்லாம் சிவந்திருந்ததோ அதெல்லாம் சிவப்புத் தட்டில் வெளுத்து, சுற்றியிருந்த தோலோடு கலந்துவிட்டது. மூக்கைச் சுற்றியிருந்த சிவப்பும் கன்னத்துப் பருக்களும் போய், அந்தப் பெரியவர் பத்து வயது குறைந்து நின்றார். கல்யாணப் பெண்களின் படங்களுக்கு நீ எப்போதும் அந்தத் தட்டையே எடுத்தாய். நான் ஏதோ ஆட்சேபம் சொன்னேன். “பருவோட வந்த பொண்ணப் பருவோடயே அனுப்புறதுக்கு நான் எதுக்கு? வீட்டுக் கண்ணாடி போதாதா?” என்றாய். உன் கை அந்தப் பக்கமே போய்ப் பழகியிருந்தது.

இனி அந்தப் பெண்ணின் வழக்குக்கு வருகிறேன். அவனியாபுரத்தில் இருந்த அவளுடைய அண்ணன் அவளை என்னிடம் அழைத்து வந்தார். கணவன் அடித்திருந்தான். வெட்கப்பட்டு அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை. ஆகவே மருத்துவச் சான்று கிடையாது. தடம் மறைவதற்குள் படம் எடுத்தாக வேண்டும் என்று அன்றே அவர்களை உன்னிடம் கூட்டி வந்தேன். நீ வழக்கமாகச் சொல்லும் ‘கொஞ்சம் சிரிங்க’ என்ற சொல் பாதியில் நின்றது எனக்கு நினைவிருக்கிறது. அவர்கள் இறங்கிப் போன பிறகு, “வெரல எண்ணலாம் வக்கீலே” என்று மட்டும் சொன்னாய்.

வண்ணப்படம் ஜெராக்ஸ் இயந்திரத்தில் மை கொட்டியதுபோல வந்தது. நீதிமன்றத்துக்கு வண்ணத்தையும் எதிர்த்தரப்புக்கு நல்ல நகல் ஒன்றையும் கொடுத்திருக்கலாம். ஆனால் இரண்டும் வேறு வேறாக இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் அதையே பிடித்துக்கொள்வார் என்று நான் அஞ்சினேன். எல்லாப் பிரதிகளும் ஒன்றுபோல இருக்கட்டும், கறுப்பு வெள்ளையாக்கிக் கொடு என்று உன்னிடம் சொல்லி அனுப்பினேன். என்ன காரணத்துக்கு என்று சொல்லவில்லை. எந்தத் தட்டு என்றும் சொல்லவில்லை. மூன்று தட்டுகளையும் உன் அறையிலேயே பார்த்தவன் நான்.

மறுநாள் காலை கவர் வந்தது. கறுப்பு வெள்ளைப் பிரதிகள் மேலே, வண்ணப்படம் அடியில். பிரதிகள் குறையாமல் இருக்கின்றனவா என்று பார்த்தேன். பின்பக்கத்தில் ‘உண்மை நகல்’ என்ற முத்திரையைக் குத்தி, ஒவ்வொன்றின் கீழும் கையெழுத்திட்டேன். படங்களின் முன்பக்கத்தை நான் பார்க்கவில்லை. இதைத்தான் ஆறு ஆண்டுகளாக நான் எவரிடமும் சொல்லவில்லை.

விசாரணையின்போது நீதிபதி படத்தைச் சாளர வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். “இதில் என்ன பார்க்கச் சொல்கிறீர்கள்?” என்று கேட்டார். வாங்கிப் பார்த்தேன். கன்னம் வழவழவென்று இருந்தது. கையில் ஒரு கோடும் இல்லை. கல்யாணத்துக்கு வரன் பார்க்கக் கொடுக்கும் படம்போல அவள் அதில் அழகாக இருந்தாள். வண்ணப்படத்தை எடுத்து நீட்டினேன். கணினியில் நிறம் பூசியிருக்கிறார்கள் என்று எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார். அவர் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பேன். மூலப்பதிவை முறைப்படி தாக்கல் செய்யச் சொல்லி இரண்டு வாரம் வாய்தா கிடைத்தது.

இரண்டு வாரம் அவளுக்கு நீண்டதாகிவிட்டது. பத்தாம் நாள் அவளுடைய அண்ணன் மட்டும் வந்தார். உட்காரவில்லை. “படத்துலயே ஒண்ணும் இல்லையாமுல்லன்னு சொந்தக்காரங்க எல்லாம் கேக்குறாங்க சார். அவன் வீட்டுப் பெரியவங்க வந்து பேசுனாங்க. அனுப்பிட்டோம். கேசு வேணாம்” என்றார். நான் சட்டம் பேசினேன். அவர் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டுப் போனார்.

அங்கிருந்து நேரே உன்னிடம் வந்தேன். பிரதியை உன் மேசையில் போட்டேன்.

“இது யாருடா செஞ்சது?”

படத்தை எடுத்துப் பார்த்தாய். பிறகு திரையில் வண்ணத்தைத் திறந்தாய். இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாய். உன் பாஷையில் ஏதோ முணுமுணுத்தாய்; எனக்குப் புரியவில்லை.

“கை போயிருச்சு வக்கீலே,” என்றாய். “செவப்புத் தட்டுலயே கை போயிருச்சு. நான் முகத்தப் பாத்தேன். தடத்தப் பாக்கல.”

“உன்னால ஒரு பொண்ணு அந்த வீட்டுக்குத் திரும்பிப் போயிருக்கா” என்றேன்.

உன்னால என்ற அந்தச் சொல்லை நான் தெரிந்தே சொன்னேன். அடுத்து நீ, ‘நீ பாக்கலையா?’ என்று கேட்பாய் என்று எதிர்பார்த்தேன். வழியில் வரும்போதே அதற்குப் பதில் தயாரித்திருந்தேன்: படத்துக்குப் பொறுப்பாளி அதை எடுத்தவன், அன்று காலை மூன்று வழக்குகள், நண்பன் மேல் வைத்த நம்பிக்கை. நன்றாகக் கட்டிய பதில். நீ கேட்கவே இல்லை. அன்றும் கேட்கவில்லை, அதன் பிறகு வந்த எந்த மாலையிலும் கேட்கவில்லை. கேட்காததால் நானும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு நீ யாருடைய முகத்திலும் கை வைக்கவில்லை. பருவும் வடுவும் இருந்தபடியே படம் கொடுத்தாய். கல்யாண வீட்டார் சண்டை போட்டுவிட்டு வேறு ஸ்டுடியோவுக்குப் போனார்கள். “எங்க மாப்ளைக்குக் கிறுக்குப் புடிச்சிருச்சா?” என்று உன் மைத்துனர் என்னிடமே கேட்டார். நான் சிரித்து மழுப்பினேன்.

வழக்கு முடிந்து ஒரு வருடம் கழித்து அந்தப் பெண்ணைப் பார்த்தேன். உன்னிடம் இதையும் சொல்லவில்லை. அவனியாபுரத்தில் ஷேர் ஆட்டோவில் எதிரே உட்கார்ந்திருந்தாள், மடியில் குழந்தை. “வக்கீல் சார்தானே? நல்லாருக்கேன் சார்” என்றாள். நான் கேட்கும் முன்பே சொன்னாள். அவள் கன்னத்தைப் பார்த்தேன். ஆட்டோவின் கூரை நிழலில் ஒன்றும் தெரியவில்லை. ஒன்றும் இல்லாததால் தெரியவில்லையா, நிழலால் தெரியவில்லையா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. நான் இறங்க வேண்டிய இடத்துக்கு முன்பே இறங்கிவிட்டேன்.

உன் காரியம் முடிந்த மறுவாரம் உன் மனைவி என்னிடம் கேட்டார்: “அண்ணே, முகத்துல கை வைக்கமாட்டேன்னு திடீர்னு ஒரு நாள் நிறுத்துனாரே, ஏன்னு உங்களுக்குத் தெரியுமா?” தெரியாது என்றேன். யோசிக்காமல், உடனே வந்தது அந்தப் பதில்.

இவ்வளவும் எழுதிய பிறகு உட்கார முடியவில்லை. நாலு மணி வெயிலில் கீழவாசலுக்குப் போனேன். ஸ்டுடியோவை இப்போது உன் மனைவிதான் பார்த்துக்கொள்கிறார். ஒரு கல்லூரிப் பெண் பாஸ்போர்ட் படத்துக்கு வந்திருந்தாள்.

“ஆன்ட்டி, இந்தப் பருவ மட்டும் எடுத்துருங்களேன்.”

“இங்க எடுக்கிறதில்லம்மா. பரு நாலு நாள்ல தானாப் போயிரும், போயி வா.”

அவள் போனதும் நான் சொன்னேன். முத்திரை குத்தியது, கையெழுத்திட்டது, அண்ணன் வந்து நின்றது, உன்னிடம் நான் பேசிய பேச்சு, எல்லாவற்றையும் சொன்னேன். அவர் படங்களை வெட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் நிமிர்ந்தார்.

“நீங்க பாக்கலையா அண்ணே?”

ஆறு வருடம் தயாராக வைத்திருந்த பதிலில் ஒரு சொல்லும் வாயில் வரவில்லை.

“பாக்கல தங்கச்சி.”

அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “இத அவருகிட்டயில்ல சொல்லியிருக்கணும்,” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. “எம்புட்டு நாளு சாப்பாட்டுல கைய வச்சிட்டு அப்படியே உக்காந்திருப்பாரு. நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா பாதி எறங்கியிருக்கும்.”

டீ வாங்கி வரச் சொல்லவா என்று கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

நகலில் கையெழுத்திடும் முன் மூலத்தைப் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்க்கும் பழக்கம் அந்த வழக்குக்குப் பிறகு எனக்கு வந்தது. அதைப் பார்க்கும் சக வக்கீல்கள் என்னைக் கவனமான ஆள் என்கிறார்கள், நான் மறுத்ததில்லை. இனி யாரும் அப்படிச் சொன்னால், பார்க்காமல் கையெழுத்திட்டவன் நான், பழியை என் நண்பனிடம் விட்டுவிட்டேன் என்று சொல்லப் போகிறேன். அந்தப் பேச்சு வரும் நாளில் சொல்வேனா என்று இப்போதே மனம் அலைகிறது. அதனால்தான் எழுதி வைக்கிறேன். இதன் கீழும் கையெழுத்திட வேண்டும். இம்முறை முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துவிட்டேன்.