லாக்கரில் இருந்த போன்

செவ்வாய்க்கிழமை

"டூட்டில போன் எடுத்தா வேல பூடும், லாக்கர்ல வெச்சிடணும்" என்று சிங்கப்பூர் போன புதிதில் இவர் சொன்னார். அதை நம்பினேன். உத்திரமேரூர் ஆஸ்பத்திரியில் மாமியார் "அவன் கொரல ஒருதரம் கேக்கணும்" என்றபோதுகூட, "சாயந்திரம் பேசலாம் அத்தை" என்றேன். சாயந்திரத்துக்குள் அத்தை உயிர் போய்விட்டது.

இன்று மத்தியானம் பக்கத்து வீட்டு மேரி வீடியோ காலில் புருஷனோடு பேசிக்கொண்டிருந்தாள். அவரும் சிங்கப்பூரில் இவர் கம்பெனியில்தான் வேலை.

"டூட்டில பேச வுடுவாங்களாண்ணா?" என்று கேட்டேன்.

"சத்தம் வராம வெச்சிக்கினு, வெளிய வந்து பேசலாம். தோ, உங்க வூட்டுக்காரரும் பேசிக்கினுதான் கீறாரு."

பின்னால் இவர் போனில் யாருடனோ சிரித்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி இவர் கூப்பிட்டார். பகலில் போன் எங்கே இருக்கும் என்று கேட்டேன்.

"பகல்ல லாக்கர்லதான் கீது. இன்னா திடீர்னு?"

அத்தை கேட்டதைச் சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் தாங்கமாட்டார். நான் மட்டும் எப்படித் தாங்குவேன்?