ஹெட்மாஸ்டர் எழுதிய தேதி

ஜூலை 4, வியாழன்.

கும்பகோணம் போய் வக்கீலம்மாவைப் பார்த்துவிட்டு வந்தேன். அப்பாவின் குத்தகை வழக்கை நடத்துகிறவர்தான். சின்ன வயதில் எங்கள் பள்ளிக்கூட ஹெட்மாஸ்டர் என்னிடம் தப்பாக நடந்துகொண்டதை முதல்முறையாக ஒருவரிடம் வாய்விட்டுச் சொன்னேன். அழவில்லை. நஷ்டஈடு கேட்டு அந்த ஆள் மேல் வழக்குப் போட முடியுமா என்று கேட்டேன்.

"பதினெட்டு முடிஞ்சு மூணு வருஷத்துக்குள்ள போட்டிருக்கணும்மா" என்றபடி என் பள்ளிச் சான்றிதழை வாங்கிப் பார்த்தார். "ஜூன் ஒண்ணோட இருபத்தொண்ணு முடிஞ்சிடுச்சே. ஒரு மாசம் தாண்டிப்போச்சு."

"இல்லைங்க, நான் தையில பொறந்தேன். அப்ப சம்பா அறுப்புன்னு அம்மா சொல்லும். எனக்கு இன்னும் ஆறு மாசம் இருக்குங்க."

"பொறப்பை எங்கயாவது பதிஞ்சாங்களா?"

நான் வீட்டில் பிறந்தவள். யாரும் பதியவில்லை.

"அப்ப கோர்ட்டு இந்தத் தேதியத்தாம்மா பாக்கும்."

வலங்கைமான் வரும்வரை பஸ்ஸில் அந்தத் தேதியைப் பற்றியே யோசித்துக்கொண்டு வந்தேன். பள்ளியில் சேர்க்க அப்பா கூட்டிப்போன நாள் நன்றாக நினைவிருக்கிறது. வலது கையைத் தலைக்கு மேலே வளைத்து இடது காதைத் தொடச் சொன்னார் ஹெட்மாஸ்டர். எனக்கு எட்டவில்லை. அப்பா முகம் வாடிப்போனது. "பரவால்ல, ஜூன் ஒண்ணுன்னு போட்டுக்கிறேன்" என்று சிரித்துக்கொண்டே ஹெட்மாஸ்டர்தான் எழுதினார்.

அப்பா அவரைக் கும்பிட்டார். இப்போதும் கடைத்தெருவில் பார்த்தால், தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு கும்பிடுகிறார்.